பேரில் இல்லாத இரும்பு

சேத்தியாத்தோப்புக் கடைத்தெருவில் ஒரு வெல்டிங் பட்டறை. கலப்பைக் கொழு தேய்ந்தால் அங்கேதான் கொண்டுபோவோம். போன வாரம் கிட்டத்தில் நின்று பார்த்தேன். பற்றவைத்த இடம் சிவப்பு அடங்கும்போது 'டிக் டிக்' என்று சத்தம். குறுக்கே மயிரிழை விரிசல்கள். பதறிவிட்டேன். "அது விடணும் அண்ணே. அப்பத்தான் இறுக்கம் தளரும், பெயர்ந்து வராது" என்றார் வெல்டர்.

அவர் பற்றவைக்கும் வெல்டிங் ராடின் மேற்பூச்சில் குரோமியமும் கரியும் இருக்கின்றன. உள்கம்பி சாதா இரும்பு. 1,500 டிகிரிக்கு மேல் மூன்றும் ஒரே குழம்பாகின்றன. குளிரத் தொடங்கியதும் முதலில் திரள்வது கார்பைடு: ஏழு உலோக அணுவுக்கு மூன்று கரி அணு, ஆறுபட்டை ஊசிகளாக. அந்த ஏழு இடங்களையும் குரோமியமே நிரப்பிக்கொள்வதில்லை. குழம்பில் பக்கத்திலேயே இருக்கும் இரும்பும் கணிசமான இடங்களில் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இரண்டுக்கும் அணு அளவு ஏறக்குறைய ஒன்று. இடம் மாறி உட்கார்ந்தாலும் கட்டு குலையாது. இரும்பும் கரியும் மட்டும் சேர்ந்தால் வரும் கார்பைடு, மணலின் குவார்ட்சுக்கு முன்னால் பெரிதாக நிற்காது. குரோமியமும் கலந்ததோ மணலையே மிஞ்சும். ஆனாலும் பட்டறையில் அதற்குப் பேர் 'குரோமியம் கார்பைடு'.

இந்த மணலின் முரட்டுத்தனம் நெய்வேலிக்குத் தெரியும். 1957-இல் வெட்ட ஆரம்பித்தபோது, மேலே கிடந்த கடலூர் மணற்பாறை ராட்சத எந்திரங்களின் வாளிப் பற்களைத் தின்று தீர்த்தது. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்தியும், பற்களைக் கடினமாக்கியும்தான் 1961-இல் பழுப்பு நிலக்கரியின் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நிலக்கரியிலும் கரி, அதைத் தோண்டும் பல்லிலும் கரி. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

அதைவிட, அந்த இரும்புதான் மனசில் நிற்கிறது. பாரத்தில் பாதியைச் சுமக்கிறது, பேரில் இல்லை. அந்த நிலக்கரியை எரித்து வருவதை நெய்வேலி மின்சாரம் என்கிறோம். அந்தச் சொல்லுக்குள் எத்தனை ஊர்கள், எத்தனை கொல்லைகள், எத்தனை கோயில் திடல்கள்! அவையும் சேர்ந்து உருகித்தான் அந்த வெளிச்சம்.

எங்கள் பெரியப்பாவின் ஊர் சுரங்கத்துக்குள் போய்ப் பல வருஷமாகிறது. எந்த ஊர் என்று பஸ்ஸில் யாராவது கேட்டால், இப்போதும் அந்தப் பேரைத்தான் சொல்கிறார்.