பெயரும் எண்ணும்

அயர்லாந்தின் தொன்மொழியில் பசுவுக்கு 'போ' என்று பெயர். வடமொழியின் 'கோ' என்னும் சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை என்பது மொழியியலார் முடிவு. சாலையைக் குறிக்கும் 'போஹர்' என்ற சொல்லும் இதிலிருந்து வந்ததே. பண்டைய ஐரிஷ் சட்டங்கள் மனிதனின் மதிப்பையே பசுக்களைக் கொண்டு அளந்தன.

அந்நாட்டின் மேற்கே, கற்சுவர்கள் சூழ்ந்த சிறு புல்வெளிகளில், பத்துப் பதினைந்து பசுக்களை வைத்துக் கன்று வளர்ப்போர் பலர். தெற்கே கார்க், டிப்பரரி வட்டாரங்களில் முந்நூறு கறவைப் பசுக்கள் கொண்ட பண்ணைகளும் உண்டு. காதில் எண் பொறித்த வில்லை இருவகைப் பண்ணையிலும் சட்டப்படி கட்டாயம். சிறு பண்ணையில் பெயரும் இருக்கும்; பெரிய பண்ணையில் கழுத்துப்பட்டையில் உணர்கருவி இருக்கும். முன்னது அன்பு, பின்னது வாணிபம் என்று தீர்ப்பளிப்பது எளிது. ஆனால் அது அவசரத் தீர்ப்பு. பெயரிட்டு அழைத்தவரும் கன்றைச் சந்தைக்கு ஓட்டிச் செல்கிறார். அதன் முடிவு இறைச்சிக்கூடமே. உணர்கருவியோ சில வேளைகளில் மனிதக் கண்ணுக்கு முன்பே பசுவின் நோயைக் கண்டுவிடுகிறது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? இரவெல்லாம் விழித்திருந்து கன்றை ஈனச் செய்தவரே அதை விற்கும்போது, அச்செயலின் பாரத்தைச் சுமக்க ஓர் ஆள் இருக்கிறார். பெரிய ஏற்பாட்டில் செயல் பலருக்குள் பங்கிடப்படுகிறது. பாரம் யாரிடமும் சேர்வதில்லை.

ஐரோப்பாவில் 1984-இல் விதிக்கப்பட்ட பால் உற்பத்தி வரம்பு 2015-இல் நீங்கியதும் அயர்லாந்தின் கறவை மந்தை வேகமாகப் பெருகிற்று. பால் வேண்டுமெனில் பசு ஈன வேண்டும். ஈனும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண். கறவை இனத்து ஆண்கன்றுக்கு இறைச்சி விலையும் குறைவு. ஆகவே பிறந்து சில வாரங்களே ஆன, இன்னும் பாலையே நம்பியிருக்கும் கன்றுகள் பல, கப்பலேறி பிரான்சின் ஷெர்பூர் துறைமுகம் வழியாக அயல்நாட்டுப் பண்ணைகளுக்குச் செல்கின்றன. இதில் தீங்கிழைக்க எண்ணியவர் எவருமில்லை. விற்றவர், வாங்கியவர், கப்பலோட்டி, பால் அருந்துபவர் எல்லோரும் தத்தம் பங்கைச் சட்டப்படியே செய்யலாம். ஆயினும் ஓர் உயிர், வேறொரு பொருளை உண்டாக்கும்போது மிஞ்சிய கழிவாகப் பிறந்திருக்கிறது. வெளிப்படையான கொடுமையைவிடச் சிந்திப்பவனை அதிகம் உறுத்துவது இது.

சிறு விவசாயியைப் புகழ்ந்து நிறுத்திவிடுவதும் நேர்மையாகாது. அவர்களுள் பலருக்கு உதவித்தொகையை நீக்கினால் மாடு வளர்ப்பில் மிஞ்சுவது இழப்பே. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, மாலையில் மழையில் நனைந்தபடி வேலியருகே நின்று மாடுகளை எண்ணுகிறார்கள். வரவு செலவு பார்ப்பவர் விற்றுவிடச் சொல்வார். அவர்களோ ஈனப்போகும் பசுவுக்கு வைக்கோல் பரப்பத் தொழுவத்துக்குச் செல்கிறார்கள்.