கட்டடத்தில் பண்பாடு குடியிருப்பது எங்கே?

நம் குடும்பத்துப் பிள்ளைகளுள் சிலர் இப்பொழுது கட்டடக்கலை பயிலச் செல்கின்றனர். ஐந்தாண்டுப் படிப்பை முடித்து, மூத்த கட்டடக் கலைஞர் ஒருவரின் அலுவலகத்தில் பணிக்கமரும் இளைஞரிடம் ஒருநாள் அரசுக் கட்டடம் ஒன்றின் வேலை வந்து சேரும். அது நூலகமாக இருக்கலாம். மருத்துவமனையாகவோ பேருந்து நிலையமாகவோ இருக்கலாம். "நமது பண்பாடு அதில் தெரிய வேண்டும்" என்பது மேலிடத்தின் விருப்பம். இளைஞர் என்ன செய்வார்? பெரும்பாலும் முகப்பில் கோபுரச் சாயல் ஒன்றை ஏற்றுவார். சிமெண்ட் தூண்களுக்குக் கல்தூணின் வேடம் புனைவார். இதனைப் பிழை என்று எடுத்த எடுப்பிலேயே கூறிவிட நாம் முற்படவில்லை. ஆயினும் இது போதுமா என்பதும், சில வேளைகளில் இது பொய்யாகிவிடாதா என்பதும் அறத்தைப் பற்றிய வினாக்களே. சத்தியம் என்னும் அணுவிரதம் வாய்ச்சொல்லுக்கு மட்டும் உரியதன்று. கல்லாலும் பொய் கூற இயலும்.

இவ்வினா புதிதுமன்று. 1864ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு, மாநிலக் கல்லூரிக்கும் பல்கலைக்கழக செனட் மண்டபத்துக்கும் வரைபடம் கோரிப் போட்டி ஒன்றை அறிவித்தது. அதில் வென்ற ராபர்ட் சிஸ்ஹோம் 1840இல் பிறந்தவர். அப்பொழுது இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். 1870இல் திறக்கப்பெற்ற மாநிலக் கல்லூரியை அவர் இத்தாலிய மரபின் சாயலில்தான் அமைத்தார். பின்னர், மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பழுது பார்க்கும் பணியில் ஈடுபட்டு, இந்நாட்டுக் கட்டடங்களை அருகிருந்து கண்டார். 1874 முதல் 1879 வரை எழுந்த செனட் மண்டபத்தில் குவிமாடங்களும் பல நாட்டு வளைவுகளும் கலந்து நிற்பதைக் கடற்கரைச் சாலையில் செல்வோர் இன்றும் காணலாம். பார்க்கப் பார்க்க வியப்பூட்டும் கட்டடம் அது. எனினும், 1880இல் திருவனந்தபுரத்தில் அவர் அமைத்து முடித்த நேப்பியர் காட்சியகமே மேலானது என்பது நம் துணிபு. அங்கே மலையாள நாட்டுத் தச்சர்களின் செங்குத்தான மரக்கூரையை அவர் எடுத்தாண்டார். அக்கூரை அழகுக்காக மட்டும் நிற்கவில்லை. கொட்டும் பருவமழையை வடித்து விடுகிறது. உள்ளே காற்று உலவ வழி செய்கிறது. செனட் மண்டபத்தில் அவர் வடிவத்தை இரவல் பெற்றார். திருவனந்தபுரத்தில் அவ்வடிவம் பிறந்த காரணத்தையும் சேர்த்துப் பெற்றார்.

நம் காலத்துக் கட்டடங்களையும் இவ்வாறே எண்ணிப் பார்க்கலாம். 1976இல் எழுந்த வள்ளுவர் கோட்டத்துக்குத் திருவாரூர்த் தேர் முன்மாதிரி. வள்ளுவரை ஏலாசாரியர் எனப் போற்றும் நம் மரபினர்க்கு, அங்கே 1330 குறட்பாக்களும் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணுந்தோறும் உள்ளம் நிறையும். ஆனால், தேர் என்பது ஊர் கூடி இழுத்தால் நகர்வது. நகராத கல்தேரில் நிலைத்திருப்பது தேரின் உருவமே. தேரின் செயல் அன்று. மாறாக, 2023 மார்ச்சு மாதத்தில் திறக்கப்பெற்ற கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் அமைத்துள்ளனர். கீழடியில் வாழ்ந்த பண்டைமக்கள் காரைக்குடி வீடுகளைக் கண்டவர் அல்லர். இடையே ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் கிடக்கின்றன. வரலாற்று ஆசிரியர் எவரேனும் இதனைக் குறை கூறினால் மறுக்க இயலாது. ஆயினும் முற்றமும் தாழ்வாரமும் அவ்வட்டாரத்து வெயிலுக்கு ஏற்றவை. பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக வந்து நிழலில் நிற்க இடந்தருபவை. ஆகவே நம் மனம் அதனை ஏற்கிறது. காலத்தால் பொருந்தாத ஒன்று பயனால் பொருந்தி விட்டது.

இனி வினா கடினமாகும் இடத்துக்குச் செல்வோம். சென்னையில் இருந்து வடக்கே புழலைக் கடந்து, அங்குள்ள ஆதிநாதர் ஆலயத்தை வணங்கி, கொல்கத்தா நெடுஞ்சாலையில் மேலும் சென்றால் கும்மிடிப்பூண்டி. சிப்காட் தொழிற்பேட்டையும், நாம் வீடு கட்டும் இரும்புக் கம்பியை வார்க்கும் உருக்காலைகளும் அங்கே உள்ளன. அவ்வூருக்கு ஒரு மருத்துவமனை வரைய வேண்டும் எனக் கொள்வோம். பண்பாடு என்று தேடும் இளைஞருக்குத் திருவள்ளூர் மாவட்டம் வறியது அன்று. திருத்தணியில் பல்லவர் காலத்து வீரட்டானேசுவரர் கோயில், பின்புறம் வளைந்த தூங்கானை மாடமாக நிற்கிறது. அந்த வளைவை மருத்துவமனையின் முகப்புக்கு எடுத்தாள்வது எளிது. ஆனால் அதன் வாயிலில் வந்து நிற்பவர் யாவர்? உள்ளூர்த் தமிழர்; ஆந்திர எல்லைப்புறத்துத் தெலுங்கு மக்கள்; பல்லாண்டுகளாக முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்; ஒடிசாவிலும் பீகாரிலும் இருந்து உலைக்கூடங்களுக்கு வந்த தொழிலாளர். கையில் தீக்காயத்தோடு வரும் ஒடிசா இளைஞனுக்குத் தூங்கானை மாடம் என்ன கூறும்? "இஃது உன் வீடு அன்று" என்று கூறினும் கூறும். பண்பாட்டை உரக்கச் சொல்லும் கட்டடம் ஒருசாரார்க்கு உரிமையையும் மற்றொரு சாரார்க்கு அந்நியத்தையும் ஒரே வாயால் அறிவிக்கிறது. பொருளின் பல பக்கங்களையும் நோக்குக என்று அனேகாந்தம் நமக்குக் கற்பித்திருக்க, முகப்பை ஒரு பக்கத்தில் இருந்து மட்டும் பார்ப்பது நமக்குத் தகாது.

அப்படியாயின் நம் மரபில் பொதுக் கட்டடத்துக்கு முன்மாதிரியே இல்லையா? உண்டு. சமவசரணம் அதுவே. ஆலயங்களில் நாம் அதனை ஓவியமாகக் கண்டு வணங்கிவிட்டு வந்துவிடுகிறோம். கட்டடமாக எண்ணிப் பார்ப்பதில்லை. நான்கு திசைக்கும் வாயில்கள். வாயில்தோறும் மானஸ்தம்பம், வருவோரின் செருக்கு அங்கேயே கழிந்து விடுகிறது. நடுவே பகவான், சுற்றிலும் பன்னிரு கோட்டங்கள். முனிவர், ஆர்யிகையர், தேவர், மனிதர் என்று அவரவர்க்கு உரிய இடமுண்டு. பன்னிரண்டாம் கோட்டம் விலங்குகளுக்கு. கோட்டங்கள் பிரிந்திருப்பினும் எந்தக் கோட்டத்துக்கும் பகவானின் திருமுகம் மறைவதில்லை. நான்கு திசையில் இருப்போர்க்கும் அது நேரே தோன்றும். திவ்யத்வனியை ஒவ்வோர் உயிரும் தன் தன் மொழியில் உணரும். படிகள் இருபதாயிரம் என்பர் ஆசிரியர். ஆயினும் குழந்தையும் முதியவரும் அவற்றை ஓர் அந்தர்முகூர்த்தத்துக்குள் ஏறி விடுவராம்.

இதனைக் கதை என்று தள்ளுவோர் தள்ளுக. கட்டடக் கலைஞர்க்கு இது வேலைப் பட்டியல் போன்றது. எவரும் எத்திசையில் இருந்தும் வரலாம். வந்தவர்க்கு உட்கார இடமுண்டு. கூறுவது அவரவர் மொழியில் விளங்கும். முதியவர் படியேறி இளைக்க வேண்டுவதில்லை. கும்மிடிப்பூண்டி மருத்துவமனையில் தமிழோடு தெலுங்கும் இந்தியும் ஒடியாவும் எழுதிய பலகை, தூங்கானை மாடத்தினும் மிகுதியாக நம் பண்பாட்டைச் சொல்லும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுக் கட்டடங்களில் தடையற்ற வழியைக் கட்டாயமாக்கியுள்ளது. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சாய்தளம் என்பது கட்டட விதி. இடமில்லை என்று சொல்லி அதனைச் செங்குத்தாகப் போட்டு, சக்கர நாற்காலியைத் தள்ளுவோர் திணற, சட்டத்துக்குக் கணக்குக் காட்டும் கட்டடங்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அங்கே முகப்புக் கோபுரத்துக்கு மட்டும் இடம் எப்படியோ கிடைத்திருக்கும்!

பன்னிரண்டாம் கோட்டத்தையும் மறத்தல் ஆகாது. கும்மிடிப்பூண்டிக்கு அண்மையில் பழவேற்காட்டு ஏரி. பூநாரைகளும் வேறு பல பறவைகளும் பருவந்தோறும் வந்து தங்கும் நீர்நிலை அது. வானத்தைக் கண்ணாடிச் சுவரில் காணும் பறவை, அதனை வெளியென்று நம்பி மோதி மடிகிறது. இரவெல்லாம் எரியும் வெள்விளக்குகள் பூச்சிகளை ஈர்த்துக் கொல்கின்றன. இரவு உண்ணாமையை ஏன் கைக்கொள்கிறோம் என்பதை அறிந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு இவற்றை விளக்க வேண்டுவதில்லை.

கட்டுதல் என்பதே ஓர் ஆரம்பம். அதில் ஹிம்சை கலவாதிராது. இல்லறத்தார்க்கு அதனை முற்றும் விலக்கல் இயலாது, குறைக்க இயலும். மண்ணின் பொருள் என்று செங்கல்லை இக்காலக் கலைஞர் பெரிதும் போற்றுகின்றனர். பூச்சில்லாத செங்கற்சுவரே பண்பாட்டின் அடையாளம் ஆகிவிட்டது. 2011ஆம் ஆண்டில் இதே திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளில் இருந்து ஒடிசாவைச் சேர்ந்த கொத்தடிமைத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் மீட்கப்பட்டனர். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்து விட்டதையும் ஈண்டு நினைவு கூர்தல் வேண்டும். செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் ஒரே தட்டில் வைத்து எண்ணுவது நம் ஆகமம். எந்தச் சூளை, யார் சுட்டது, கூலி கொடுத்தார்களா என்று கேளாமல் "செங்கல்" என்று மட்டும் வரைபடத்தில் எழுதும் கை, மூன்றாவதில் சேர்ந்துவிடுகிறது.

இவ்வளவும் கேட்ட பின் ஒருவர் இவ்வாறு வினவக்கூடும்: "வடிவமே வேண்டாம் என்கிறீரா? வடிவம் மறைந்தால் நினைவும் மறையுமே. தமிழ்ச் சமணர்க்கு இதனை வேறு எவரும் சொல்ல வேண்டுமா?" இது வலிமையான தடை. திருப்பருத்திக்குன்றமும் சித்தன்னவாசலும் நின்றதனால்தான் நாம் இம்மண்ணின் பழங்குடியினர் என்று பிறர்க்குக் காட்ட முடிகிறது. நின்றவை இவை; இடிந்தும் மறைந்தும் போனவை எத்தனையோ. எனவே வடிவத்தை இகழ்தல் நம் நோக்கமன்று. வடிவத்தை முகப்பில் ஒட்டுமுன் அதனைக் கற்க வேண்டும் என்பதே நாம் கூறுவது. ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்றதும் இதுவே: பாடத்தை மனனம் செய்து ஒப்பித்தவன் கற்றவன் ஆகான், புதிய கணக்கில் அதனைப் பயன்படுத்தியவனே கற்றவன்.

மாங்குளம் முதலிய குன்றுகளில் நம் முனிவர் தங்கிய குகைகளைக் கண்டவர் இதனை உணர்வர். அங்குள்ளவை இரண்டே வேலைப்பாடுகள். படுக்கச் சமப்படுத்திய கற்படுக்கைகள். மழைநீர் உள்ளே வழியாதபடி பாறையின் நெற்றியில் வெட்டிய காடி. கொடுத்தவரின் பெயரைச் சில இடங்களில் பொறித்துள்ளனர். சிற்பம் இல்லை, போதிகை இல்லை. அத்தகைய இடத்தையே பள்ளி என்றனர். அச்சொல்லே பின்னர்ப் பிள்ளைகள் பயிலும் கூடத்துக்கு ஆகி, இன்று தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊரிலும் வழங்குகிறது. இளைஞர் ஒருவர் அளவுநாடாவோடு சென்று அந்தக் காடியின் ஆழத்தை அளந்து பார்த்தால், எந்தச் சாரல் எந்தத் திசையில் வருமென்று அறிந்து வெட்டிய கைகளை அவர் அறிவார். அந்த அறிவைக் கும்மிடிப்பூண்டிப் பேருந்து நிலையத்தின் கூரை விளிம்புக்குக் கொண்டு வருவாராயின், அது குகையைப் போல் தோன்றாவிடினும் குகையின் வழிவந்ததே ஆகும்.

"முகப்பை வரையும் உரிமை எனக்கு எங்கே உள்ளது? அதனை மூத்தவர் வரைகிறார். எனக்குத் தருவது கழிப்பறையும் படிக்கட்டும் காவலர் அறையும்தான்" என்று பணிக்குப் புதியவர் மனம் சோர்வது இயல்பு. பண்பாடு முகப்பில் இருக்கிறது என்று எண்ணுவோர்க்கே இச்சோர்வு. ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களில் அபயத்தை எண்ணிப் பாருங்கள். இரவுப்பணி முடித்த பெண் தொழிலாளி அச்சமின்றிச் சென்று வரக்கூடிய கழிப்பறை, அதன் கதவு எத்திசையில் திறக்கிறது, அதற்குச் செல்லும் வழியில் விளக்கு உண்டா என்பதெல்லாம் அபயதானத்தில் அடங்கும். நோயாளியோடு வந்தவர் மதியவேளையில் பொட்டலத்தைப் பிரித்து உண்ண ஒரு திண்ணை, ஆகாரதானத்தின் ஒரு கூறு. குடிநீர்க் குழாய் குழந்தைக்கும் எட்டுமாறு ஒன்று தாழ்வாக இருப்பதற்கு அமைச்சரின் இசைவு வேண்டுவதில்லை. இவற்றை வரையும் பென்சில் இளையவர் கையில்தான் உள்ளது.

காவலர் அறையையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான வரைபடங்களில் அது வாயிலோரம் மேற்கு வெயிலில், ஆறடிக்கு ஐந்தடி, தகரக் கூரையோடு ஒதுங்கி நிற்கும். பன்னிரண்டு மணிநேரம் ஒரு மனிதர் அதற்குள் அமர்ந்திருப்பார். அதன் சன்னலைக் கிழக்கே திருப்பி, கூரையை இரண்டடி முன்னே நீட்டி, பின்புறம் ஒரு வேப்பங்கன்றுக்கு இடம் விட்டு வரைவதற்கு அரைநாள் ஆகும்.