மாமிக்கு அந்தப் பட்டியலை அனுப்பாதீர்கள்

நம் லிங்கநகரில் சோறும் பாணும் பிட்டும் விட்டு, மாச்சத்தை ஒதுக்கும் கீட்டோ உணவால் மெலிந்த தம்பி தங்கைமாரே, உங்கள் முயற்சியைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் உங்களைப் பார்த்துவிட்டு ஐம்பத்தைந்து வயது மாமி ஒருவர், "எனக்கும் சொல்லித்தா பிள்ளை" என்று கேட்டால், போனில் கிடக்கும் உணவுப் பட்டியலை அப்படியே அனுப்பிவிடாதீர்கள். தராசு எடை குறைந்ததை மட்டும்தான் காட்டும். போனது கொழுப்பா, தசையா, எலும்பா என்று அதற்குத் தெரியாது.

இந்த உணவு மெலிவதற்காக வந்ததே அல்ல. 1921இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் ரசல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோயாளருக்காக முன்வைத்தது. மருந்துக்கு அடங்காத வலிப்புள்ள பிள்ளைகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். கல்சியமும் வைட்டமின் டியும் சேர்த்து, இரத்தமும் சிறுநீரும் சோதித்தபடிதான் கொடுக்கிறார்கள். அத்தகைய பிள்ளைகளை 15 மாதம் கவனித்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வயதுக்கு இருக்கவேண்டிய எலும்புத் தாது வரவரக் குறைந்துகொண்டே போனது. திடகாத்திரமானவர்களுக்கும் விலக்கில்லை. உலகத் தரத்து நடைப்போட்டி வீரர்கள் மூன்றரை வாரம் கீட்டோ உண்டபோது, எலும்பு கரைவதைக் காட்டும் இரத்தக் குறியீடு 22% கூடியது, எலும்பு கட்டப்படுவதைக் காட்டுவது 14% இறங்கியது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கணக்கு இது. மாச்சத்தைத் திரும்பக் கொடுத்த பிறகும் எல்லாம் பழையபடி ஆகவில்லை.

பெரியவர்களிடம் நடந்த சில குறுகிய ஆய்வுகளில் எலும்புக்குக் கேடு தெரியவில்லை என்பதும் உண்மை. அதை நம்பி மாமியைப் பரிசோதிக்கலாமா? மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்பு ஏற்கனவே தேய்ந்துகொண்டிருக்கும். தேயும்போது நோகாது. கிணற்றடியில் வழுக்கி இடுப்பு முறிந்த பிறகுதான் வீட்டார் அறிவார்கள். சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர் என்றால் ஆபத்து அவ்வளவு காலம் காத்திராது. மருந்தளவை மாற்றாமல் மாச்சத்தைத் திடீரென நிறுத்தினால், சீனி மயங்கி விழுமளவு இறங்கலாம்.

ஐம்பது கடந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் வரை கல்சியம் வேண்டும். 100 கிராம் குரக்கன் மாவில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. கீட்டோ அதையும் தள்ளிவைக்கச் சொல்கிறது. மாமி குரக்கன் பிட்டை அளவாகச் சாப்பிடட்டும், விட வேண்டாம். நீங்கள் கீட்டோவில் நிற்பதானாலும் பெரிய மீன் துண்டும் கோழியும் மட்டும் போதாது. நம் கடலில் நெத்தலி இருக்கிறது, சூடை இருக்கிறது. மொறுமொறுவெனப் பொரித்து முள்ளோடு மென்று தின்னுங்கள். கல்சியம் அந்த முள்ளில்தான். முருங்கை இலை வறை, எள்ளு, மூதூர்த் தயிர் கொஞ்சம் சேருங்கள். நடையை விடாதீர்கள், பாரம் தாங்கினால்தான் எலும்பு உரம் பிடிக்கும்.

வளரும் பிள்ளைகளுக்கு இந்த உணவை வீட்டில் நீங்களாகத் தொடங்கவே கூடாது. யாருக்காவது பட்டியலை ஏற்கனவே அனுப்பியிருந்தால், இன்றைக்கே கூப்பிடுங்கள். கிளினிக்குக்குப் போய் டாக்டரிடம் கேட்கும்வரை தொடர வேண்டாம் என்று சொல்லுங்கள்.