துணிவு யாருடைய சொத்து?

ஒரே வீட்டில் பிறந்து, ஒரே சஹனில் கை நனைத்து வளர்ந்த சகோதரர் இருவரை நாம் எல்லா ஊர்களிலும் காண்கிறோம். மூத்தவர் கையிலுள்ள பணத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு கடல் கடந்து சென்று கடை வைக்கிறார். இளையவரோ மாதச் சம்பளம் தரும் நாற்காலியை விட்டு எழ மறுக்கிறார். மூத்தவரின் கடை செழித்தால், "காக்காவுக்கு வாப்பிச்சாவின் துணிவு, வாணிபம் இரத்தத்தில் ஊறியது" என்று குடும்பம் மகிழ்கிறது. கடை கவிழ்ந்தால், "அவனுக்கு நிதானம் பிறவியிலேயே கிடையாது" என்று அதே குடும்பம் தீர்ப்பளிக்கிறது. இரண்டு தீர்ப்பிலும் சாட்சிக்கு அழைக்கப்படுவது இரத்தம்தான்!

இது வெறும் பேச்சாக இருந்தால் நாம் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால், எந்த மகனிடம் முதலை ஒப்படைப்பது, எவனுக்குக் கடன் மறுப்பது, தோற்றவனை எந்த முகத்தோடு வரவேற்பது என்பனவெல்லாம் இந்தத் தீர்ப்பை ஒட்டியே முடிவாகின்றன. ஆகவே, பொருளைப் பணயம் வைக்கும் துணிவு பிறவியில் வருவதா, வளர்ப்பில் வருவதா என்று கேட்பது நம் கடமையாகிறது. பிறவியில் வருவதென்றால், அதற்காக ஒருவனைப் புகழ்வதும் இகழ்வதும் நீதியாகுமா என்பதும் உடன் எழும் கேள்வி.

அறிவியல் இதைப் பற்றி மௌனமாக இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் மரபணுக்களில் ஏறத்தாழ முற்றும் ஒத்தவர்கள். இரு கருக்களிலிருந்து பிறந்த இரட்டையரோ மற்றச் சகோதரர்களைப்போல் சராசரியாகப் பாதியளவே ஒத்தவர்கள். முதல் வகையினர் இரண்டாம் வகையினரைவிட ஒரு குணத்தில் கூடுதலாக ஒத்திருந்தால், அக்குணத்தில் மரபணுவுக்கும் பங்குண்டு எனக் கொள்ளலாம். டேவிட் சேசரினியும் அவருடைய தோழர்களும் சுவீடன் நாட்டு இரட்டையரை இம்முறையில் ஆராய்ந்து 2009-இல் முடிவை வெளியிட்டனர். பிறருக்குக் கொடுப்பதிலும் இடரை ஏற்பதிலும் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 20 விழுக்காடு மரபணு வேறுபாட்டால் விளங்குகிறது என்பது அம்முடிவு.

அப்படியானால் துணிவுக்கென ஒரு மரபணு உண்டா? இல்லை. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவலைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வு, இடரேற்கும் இயல்போடு தொடர்புடைய 124 நுண்ணிய வேறுபாடுகளைக் கண்டது. ஒவ்வொன்றின் பங்கும் மிக மிகச் சிறிது. கண்டவற்றையெல்லாம் கூட்டி ஒரு மதிப்பெண்ணாக ஆக்கினாலும், மனிதரிடையே உள்ள வேறுபாட்டில் இரண்டு விழுக்காட்டைக்கூட அது விளக்கவில்லை. ஒரு குழந்தையின் இரத்தத்தைச் சோதித்து, இவன் வணிகன், இவன் எழுத்தர் என்று சொல்ல எவராலும் இயலாது.

20 விழுக்காடு என்பதையும் தவறாகப் பொருள் கொள்ளலாகாது. ஒருவனுடைய துணிவை ஐந்து கூறாக்கி, ஒரு கூறு பிறவி, நான்கு கூறு வளர்ப்பு என்று பங்கு வைப்பதன்று அது. பத்தமடைப் பாயைக் கையிலெடுத்து, இது பாயாக இருப்பதில் கோரையின் பங்கு எவ்வளவு, நூலின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் நெய்தவர் சிரிப்பார். ஒன்றில்லையேல் பாயே இல்லை. ஆயினும், பல பாய்களை அடுக்கி வைத்து, அவை ஒன்றுக்கொன்று வேறுபடுவதற்குக் கோரை காரணமா, நூல் காரணமா என்று கேட்டால் அதற்கு விடை உண்டு. ஆய்வாளர் சொல்லும் கணக்கு இந்த இரண்டாவது வகையினதே.

வளர்ப்பின் வலிமையை அறிய, தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பார்ப்பது இன்னொரு வழி. பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் ஒருவர் என்றிருக்க, பிள்ளை யாரைப்போல் நடக்கிறது? சுவீடனின் தத்துப் பிள்ளைகள் பங்குச் சந்தையில் பணம் போடுவதை ஆராய்ந்து 2017-இல் வெளியான கட்டுரை, இரு சாராரின் சாயலும் உண்டென்றது. ஆனால், கையில் சேமிப்பு உள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, வளர்த்தவரின் சாயலே மேலோங்கி நின்றது. பெற்றவரின் சாயல் மிகவும் மங்கிவிட்டது.

வீட்டைப்போலவே காலமும் மனிதனை வளர்க்கிறது. அமெரிக்காவில் 1929-இல் தொடங்கிய பெருவீழ்ச்சியைக் கண்ட தலைமுறை பங்குச் சந்தையை நெடுங்காலம் ஐயத்தோடு நோக்கியது. தம் வாழ்நாளில் சந்தையின் சரிவை மிகுதியாகக் கண்டவர்கள் இடரேற்கத் தயங்குகின்றனர் என்பதை உல்ரிக் மால்மெண்டியரும் ஸ்டெஃபான் நாகலும் 2011-இல் எடுத்துக்காட்டினர். பட்ட அனுபவம் கற்பித்த அச்சத்தைப் பிறவிக் குறை என்பது எவ்வளவு பெரிய பிழை!

ஏழை அஞ்சுகிறான், அதனால்தான் ஏழையாகவே இருக்கிறான் என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் 1980-இல் வெளியிட்ட ஆய்வை அறிய வேண்டும். இந்தியாவின் வறண்ட நிலச் சிற்றூர்களில் உழவர்களிடம் உண்மையான பணத்தைப் பரிசாக வைத்து அவர் சோதனை நடத்தினார். தொகை பெருகப் பெருக, செல்வரும் வறியவரும் ஏறத்தாழ ஒரே அளவான எச்சரிக்கையையே காட்டினர். அவ்வாறாயின், செல்வர் புதிய விதையையும் உரத்தையும் துணிந்து வாங்க, வறியவர் தயங்குவதேன்? வேறுபாடு மனத்தில் இல்லை. கடன் கிடைப்பதிலும் சந்தையை எட்டுவதிலும் இருந்தது.

இனி நம் கடற்கரையை நோக்குவோம். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களிலிருந்து நம் முன்னோர் இலங்கைக்கும் பினாங்குக்கும் கடலோடி வாணிபம் செய்தனர். அவர்கள் துணிவை நாம் மெச்சுகிறோம். மெச்சத் தக்கதே அது. ஆனால் அத்துணிவு தனியே நிற்கவில்லை. அக்கரையில் இறங்கியவனுக்கு உறவினரின் கடையில் படுக்க இடமும், பிடித்து எழக் கடனும் கிடைத்தன. இக்கரையிலோ, காயலிலும் கீழக்கரையிலும் வீடு பெண்மக்களுக்கே தரப்படும் வழக்கம் இருந்தது. கணவனின் சரக்கு கடலில் மூழ்கினாலும், மனைவி மக்களின் தலைமேல் இருந்த கூரை மூழ்கவில்லை. அந்தக் கூரையைக் காத்தவர்கள் உம்மாமார்கள். வணிகரின் பெயர் ஊர் வரலாற்றில் நிற்கிறது. கூரையைக் காத்தவளை நாம் "அஞ்சும் இனம்" என்கிறோம். பெண் பிள்ளைக்கு அடங்கி நடக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, அடக்கம் அவள் பிறவிக் குணம் என்பது நேர்மையாகாது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். எல்லாவற்றுக்கும் பிறவியும் சூழலும் காரணமென்றால், பொறுப்பென்று ஒன்று மிஞ்சுமா? மிஞ்சும். இயல்பு வேறு, செயல் வேறு. துணிந்த இயல்புடையவன் தன் பொருளைப் பணயம் வைக்கலாம். தங்கையின் நகையை அவளறியாமல் அடகு வைத்தால், அதற்கு இயல்பு சாக்காகாது. அஞ்சும் இயல்புடையவன் கடை வைக்காமலிருக்கலாம். பிறருக்குத் தர வேண்டியதையும் அச்சத்தால் பூட்டி வைத்தால், அதற்கும் இயல்பு சாக்காகாது.

இந்த வேறுபாட்டை நம் வணிகச் சட்டம் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. முளாரபா என்னும் கூட்டில் ஒருவர் முதல் தருகிறார்; மற்றவர் உழைக்கிறார். இலாபத்தை முன்பே பேசிய விகிதப்படி பகிர்ந்துகொள்கின்றனர். நட்டம் வந்தால் முதல் தந்தவர் முதலை இழக்கிறார். உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். உழைத்தவரின் கவனக்குறைவோ உடன்படிக்கை மீறலோ இருந்தாலன்றி அவர்மேல் ஈடு சுமத்தப்படுவதில்லை. நேர்மையாக முயன்று தோற்றவனையும், பொறுப்பின்றித் தோற்றவனையும் அச்சட்டம் ஒரே தராசில் நிறுக்கவில்லை. நம் குடும்பங்களிலோ, தோற்றவன் எப்படித் தோற்றான் என்று கேட்பதற்கு முன்பே அவனுக்குப் பெயர் சூட்டிவிடுகிறோம்.

அடுத்த முறை ஒரு தம்பி கடையை மூடிவிட்டு ஊர் திரும்பும்போது, அவன் இரத்தத்தில் குறை தேடுவதை நாம் நிறுத்துவோம். கணக்கை நேர்மையாக வைத்திருந்தானா, பிறர் பொருளைக் காத்தானா என்று கேட்போம். ஆம் என்றால், அவன் மீண்டும் எழ நாம் ஒரு பங்கு முதல் தருவோம். வென்ற காக்காவும் அன்று வந்து அவனருகில் அமரட்டும். தமக்கு வாய்த்த இயல்பும், தம்மைத் தாங்கிய கூரையும் தாம் சம்பாதித்தவையல்ல என்பதை வேறெவரையும்விட அவரே நன்கறிவார்.