மூன்று முறை 68

எங்கள் வீட்டு எடை மெஷினில் ஏறினால் 68 கிலோ காட்டும். இறங்கி மறுபடி ஏறினாலும் 68. மூன்றாவது முறையும் அதே 68. போன மாதம் டாக்டரின் மெஷினில் ஏறினேன். 71!

திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே விடை வருவது நம்பகம். விடை நிஜத்துக்குப் பக்கத்தில் இருப்பது துல்லியம். முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். நீங்களும் நானும் மட்டுமல்ல, விஞ்ஞானிகளும்தான்.

எலெக்ட்ரானின் மின்னேற்றத்தை அளந்தவர் அமெரிக்காவின் ராபர்ட் மில்லிகன். சென்ட் ஸ்ப்ரே மாதிரி ஒன்றால் எண்ணெயைப் பீய்ச்சி, அந்த நுண்துளிகள் இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே விழுவதையும், மின்சாரம் கொடுத்தால் மேலே ஏறுவதையும் பொறுமையாக நேரம் குறித்தார். (மாணவர் ஹார்வி பிளெட்சருக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. நோபல் மில்லிகனுக்கு மட்டும். அது வேறு சோகம்.) 1913-ல் 58 துளிகளின் கணக்கை வெளியிட்டார். துளிக்குத் துளி அப்படி ஒரு ஒற்றுமை. 1923-ல் நோபல் பரிசு.

ஆனால் விடை தப்பு. சுமார் 0.6 சதவிகிதம் குறைவு. 'இவ்வளவு பிழை இருக்கலாம்' என்று அவரே சொன்ன எல்லையைத் தாண்டிய தப்பு. குற்றவாளி, காற்று. துளி விழும் வேகத்திலிருந்து அதன் சைஸைக் கண்டுபிடிக்க, காற்று எவ்வளவு பிசுபிசுப்பாகத் தடுக்கிறது என்று தெரியவேண்டும். அதற்கு அவர் வைத்திருந்த எண் கொஞ்சம் குறைச்சல். 58 துளிக்கும் அதே எண்தான். அதனால் எல்லாம் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கம் தப்பின. இன்னும் ஐயாயிரம் துளி பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காது. 1920-களின் கடைசியில் எக்ஸ்ரே, படிகம் என்று முற்றிலும் வேறு வழியில் கணக்கிட்டபோதுதான் உதைத்தது.

ரிச்சர்ட் ஃபெய்ன்மன் 1974-ல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது இதன் பின்கதையைச் சொன்னார். மில்லிகனுக்கு அப்புறம் அளந்தவர்களின் விடை சட்டென்று சரியான எண்ணுக்குத் தாவவில்லையாம். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறியதாம். மில்லிகனைவிட ரொம்ப அதிகமாக வந்தால், 'எங்கேயோ தப்பு பண்ணிட்டோம்' என்று துருவினார்கள். கிட்டத்தில் வந்தால் துருவவில்லை.

இது நேர்மையின்மையா? யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணைத் திருத்தவில்லை. இருந்தாலும், என்னைக் கேட்டால், கொஞ்சம் நேர்மைக் குறைவுதான். சந்தேகப்பட்டது சரி. எதிர்பாராத விடையை மட்டும் சந்தேகப்பட்டதுதான் இடிக்கிறது.

நான் மட்டும் என்ன யோக்கியம்? டாக்டரிடம் 71 என்று காட்டியதுமே, "இந்த மெஷினைக் கடைசியா எப்ப சார் செக் பண்ணீங்க?" என்று கேட்டேன். வீட்டு மெஷின் வாங்கி ஆறு வருஷமாகிறது. அதைப் பற்றி ஒருநாளும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை.