அசையாத கையின் உழைப்பு

முயற்சியைப் போற்றியே வளர்ந்தவர்கள் நாம். சோம்பியிருப்பவனை இகழவும் ஓயாது உழைப்பவனை வியக்கவும் சிறு வயதிலேயே கற்றுக்கொண்டோம். ஆனால் முயற்சியே தவறாகிவிடும் காலமும் மனித வாழ்வில் உண்டா? வலத் தோளில் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய நாள்முதல் என்னை விட்டு அகலாத கேள்வி இது.

தோள்மூட்டு விந்தையான அமைப்பு. சிறு தட்டின்மேல் பெரிய பந்தை வைத்தாற்போல், தோள்பட்டை எலும்பின் ஆழமற்ற குழியில் மேற்கை எலும்பின் தலை அமர்ந்திருக்கிறது. அது நழுவாதபடி நான்கு தசைகளின் நாண்கள் சூழ்ந்து பற்றியிருக்கின்றன. மருத்துவர்கள் 'ரொட்டேட்டர் கஃப்' என்பது இவற்றையே. கை உயரும்போது வெளியே புடைத்து நிற்கும் பெரிய தசையைத்தான் பலம் என்கிறோம். உள்ளே பந்தை இடத்தில் நிறுத்தும் இந்த நான்கையும் யாரும் எண்ணுவதில்லை. எனக்கு மேற்பக்கத்து நாண் கிழிந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியதற்குக் கிடைத்த கூலி என்று நண்பர்கள் கேலி செய்தனர். வயதும் ஒரு காரணம் என்பதை மருத்துவர் நயமாகச் சொன்னார்.

கிழிந்த நாணை எலும்போடு சேர்த்துத் தைத்துவிடலாம். ஆனால் தையல் சேர்த்துப் பிடிக்கும், அவ்வளவே. ஒட்டிக்கொள்வது உடலின் வேலை. அதற்கு மாதங்கள் வேண்டும். முதல் 6 வாரங்கள் கை கழுத்துப் பட்டையிலேயே கிடந்தது. விரல்களையும் மணிக்கட்டையும் அசைக்கலாம். தோளை அதன் சொந்த பலத்தால் உயர்த்தக் கூடாது. பிசியோதெரபிஸ்டான இளம்பெண் என் கையைத் தம் கைகளில் ஏந்தி மெல்ல உயர்த்துவார். "நீங்கள் உதவாதீர்கள் ஐயா, கையை என்னிடம் விட்டுவிடுங்கள்" என்பார். அதுதான் எனக்கு இயலவில்லை. என்னை அறியாமலே தசை இறுகும். பிறர் தாங்கும்படி தன்னை ஒப்படைப்பது இத்தனை கடினம் என்பது அறுபது வயதுக்குப் பிறகே எனக்குத் தெரிந்தது.

ஏழாம் வாரம் வலி ஏறக்குறைய நின்றுவிட்டது. குளியலறை வாளியைத் தூக்கப் போனேன், மனைவி பறித்துக்கொண்டாள். "வலிக்கவில்லையே" என்றேன். "வலி போய்விட்டால் தைத்தது ஒட்டிவிட்டதென்று யார் சொன்னது?" என்றாள். அவள் சொன்னதே சரி. வலி முதலில் விடைபெறும். நாண் பின்னரே உறுதிப்படும். பெரிய வலியில்லாமலே தையல் மீண்டும் பிரிந்துவிடக்கூடும். நெஞ்சு உறுத்தவில்லை என்பதாலேயே செய்தது சரியென்று நாம் முடிவுகட்டுவதும் இவ்வகைதானோ?

இவ்வாறு பொறுமையைப் பற்றி எனக்குள் ஒரு சிறு பெருமை வளர்ந்துகொண்டிருந்தது. அதை உடைத்தவர், என்னோடு பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த பெயிண்டர் ஒருவர். அவருக்கும் அதே அறுவை சிகிச்சைதான். ஐந்தாம் வாரத்தோடு வருவதை நிறுத்திவிட்டார். பின்னொரு நாள் ஒரு கட்டடத்தின் சாரத்தில் நின்று, தலைக்கு மேல் பிரஷ்ஷை நீட்டிக்கொண்டிருந்தார். அழைத்துக் கேட்டேன். "மூணு மாசம் சும்மா இருந்தா அடுப்பு எரியுமா சார்?" என்றார்.

அவருக்கு மறுமொழி சொல்ல என்னிடம் எதுவுமில்லை. நான் வாளியைத் தூக்கப் போனது வீம்பு. அவர் பிரஷ்ஷைத் தூக்கியது கடமை. நாணுக்கோ இந்த வேறுபாடு தெரியாது. மாதம் பிறந்ததும் ஓய்வூதியம் வந்துவிடும் வீட்டில் பொறுமை எளிதாக விளைகிறது. அவரை அவசரக்காரர் என்று எந்த நாவால் சொல்வேன்? காத்திருத்தலும் ஒரு மருந்தென்றால், அதை வாங்க வழியற்றவருக்கு அதைக் கொடுக்க வேண்டியவர் யார்? வேலை வாங்கிய மேஸ்திரியா, கூலி கொடுத்த வீட்டுக்காரரா, பக்கத்தில் அமர்ந்து பயிற்சி செய்துவிட்டு, அவர் ஏன் வரவில்லை என்று விசாரிக்காத நானா?

பன்னிரண்டு வாரங்கள் ஆனபின் தோளுக்கு வலுவூட்டும் பயிற்சி தொடங்கியது. முதலில் எடை எதுவும் கிடையாது. முழங்கையை விலாவோடு ஒட்டி, இடையில் மடித்த துண்டை வைத்துக்கொண்டு, புறங்கையால் சுவரை அழுத்த வேண்டும். சுவரும் அசையாது, கையும் அசையாது. ஐந்து எண்ணும்வரை அழுத்திவிட்டுத் தளர்த்த வேண்டும். ரப்பர் பட்டையும் அரைக் கிலோ எடையும் பிறகுதான்.

தினமும் காலையில் கூடத்துச் சுவரின் அருகில் நின்று அழுத்துகிறேன். மகள் திருமணத்துக்கு முன் பூசிய வெளிர்நீலம் இன்னும் மங்கவில்லை. அதைப் பூச இருவர் வந்திருந்தார்கள். ஒருவர் இளைஞர், மற்றவர் சற்று வயதானவர். பெயர்களை நினைவுபடுத்திப் பார்க்கிறேன். வரவில்லை.