அவருக்குப் பின்

1956ஆம் ஆண்டின் இந்து இளவர், காப்பாளர் சட்டத்தில் காப்பாளர்கள் பல வகை: இயற்கைக் காப்பாளர், உயிலில் குறிக்கப்பட்டவர், நீதிமன்றம் நியமிப்பவர். அரசியல் 'இயற்கை' என்ற சொல்லில்தான் இருக்கிறது. திருமணத்தில் பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தந்தை. 'அவருக்குப் பின்' தாய். ஐந்து வயது நிறையாத குழந்தை பொதுவாகத் தாயின் பொறுப்பில் இருக்கும் என்கிறது அதே பிரிவு. பாலூட்டவும் கால் கழுவிவிடவும் தாய், கையெழுத்துக்குத் தந்தை.

மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்க விண்ணப்பித்த எழுத்தாளர் கீதா ஹரிஹரனிடம் ரிசர்வ் வங்கி தந்தையின் கையொப்பத்தைக் கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 'பின்' என்பது தந்தையின் மரணத்தை மட்டும் குறிக்காது, அவர் பொறுப்பேற்காத நிலையையும் குறிக்கும் என்று 1999இல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்புதான். ஆனாலும் தாயின் உரிமை தந்தையின் இன்மையிலிருந்தே பிறக்கிறது.

திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கோ அதே பிரிவு தாயை முதலில் வைக்கிறது. தந்தை அவளுக்குப் பின். ஆக, பெண்ணுக்குத் தகுதியில்லை என்று சட்டம் நினைக்கவில்லை. தாலி ஏறாதவரை அவளே காப்பாளர்; ஏறியதும் இரண்டாமவள். இதில் இயற்கை எங்கே?

குழந்தை யாருடையது என்று கேட்கும் சட்டம், அதைக் காப்பவர் யார் என்று கேட்கட்டும். காப்பவருக்கே கையெழுத்து; இருவரும் காத்தால் இருவருக்கும்.